நாரேவின் கண்ணாடித் தோழி

நாரேவுக்குப் பன்னிரண்டு வயது. தென்கொரியாவின் சோல் நகரத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில் இரண்டு வருடமாகப் பாட்டும் ஆட்டமும் பழகுகிறாள். அங்கே அவளுக்கு ஒரே தோழி, சுவர் முழுக்க இருக்கும் கண்ணாடியில் தெரிகிற பெண்தான். அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே ஆடினால் கால் தரையில் படுவதே தெரியாது. மேகத்தில் நடப்பது போல இருக்கும்.

ஆனால் மாதத் தேர்வு அன்று கண்ணாடியைத் திரை போட்டு மூடிவிடுவார்கள். மேடையில் கண்ணாடியா இருக்கப்போகிறது என்பார் பயிற்சியாளர் குவோன் சார். திரையைக் கண்டாலே நாரேவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போன மாதம் பாட்டின் நடுவில் நின்றே போனாள். இந்த மாதமும் அப்படி ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தேர்வு நாள் காலையில் ஜோடி சேரச் சீட்டு எடுத்தார்கள். நாரேவுக்குக் கிடைத்தவள் பியோல். மோக்போ ஊரிலிருந்து போன வாரம்தான் வந்தவள், பத்து வயது. கிம்பாப் என்ற சோற்றுச் சுருளை மென்றுகொண்டே வந்து நின்றாள்.

நடைவழியில் ஒருமுறை ஆடிப் பார்த்தார்கள். நாரே வலப்பக்கம் நகர, பியோல் இடப்பக்கம் நகர, இரண்டு தலையும் டொக்கென்று மோதின.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பியோல் செல்போன் வீடியோ பார்த்துப் பழகியவள். வீடியோவில் ஆடுகிறவர் நம்மைப் பார்த்து நிற்பார். அவருடைய வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரியும். அதை யோசிக்காமல் பியோல் முழு ஆட்டத்தையும் பக்கம் மாற்றிக் கற்றிருந்தாள். அவர்கள் முறை வர இன்னும் பத்தே நிமிடம்.

"தப்பு என்னோடதுதான்னு சார்கிட்ட சொல்லிடுறேன், அக்கா. நீங்க தனியா ஆடுங்க. நான் ஊருக்கே போயிடுறேன்" என்றாள் பியோல்.

தனியாக ஆடலாமே என்று நாரேவுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

"இரு, இரு. என் எதிர்ல நின்னு ஆடு, பாப்போம்."

நாரே வலக்கையைத் தூக்கினாள். எதிரே அதே பக்கத்தில் ஒரு கை எழுந்தது. நாரே நகர்ந்த பக்கமே பியோலும் நகர்ந்தாள். நாரேவுக்கு உடம்பு சிலிர்த்தது. அச்சு அசல் கண்ணாடிப் பெண்தான். கொஞ்சம் குட்டை, கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை வேறு.

"நீ எதையும் மாத்தாத" என்றாள் நாரே. "என்னை மட்டும் பாரு. நான் உன்னையே பாக்குறேன்."

தேர்வு அறையில் திரை மூடியிருந்தது. நாரே அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு தொடங்கியதும் அறை மெல்ல மெல்ல எங்கோ தூரம் போனது. பியோல் மட்டும் எதிரே இருந்தாள். இருவரும் ஒரே மூச்சில் சுழன்றார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்பதே அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

குவோன் சார் பேனாவைக் கீழே வைத்தார். பக்கம் மாறியது அவர் கண்ணுக்குத் தப்புமா? இது யார் யோசனை என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

"அடுத்த மாசத்துக்குள்ள பியோல் சரியான பக்கம் கத்துக்கணும். நாரே, நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறதென்றால் யாரும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நாரேவுக்கு அது உடனே புரிந்தது. பியோலுக்குப் புரியக் கதவு வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கே அவள் குதித்த குதியில் இடமும் இல்லை, வலமும் இல்லை.