மாவு கரைத்த கை

குழாய் வியர்க்கத் தொடங்கியபோது சேரலாதனின் ரத்தம் பாதிச் சுற்றில் இருந்தது. அவன் இடக்கையிலிருந்து கிளம்பி, மேசைமேல் இருந்த குருதித்தூய்விக்குள் புகுந்து, அழுக்கு நீங்கித் திரும்ப வேண்டிய ரத்தம். செயலிழந்த சிறுநீரகங்களுக்குப் பதிலாக இந்த இயந்திரம்தான் அவனைப் பிழைக்க வைத்திருந்தது. அவன் மனைவி குயிலி குழாயைத் தொட்டுப் பார்த்தாள். விறைப்பாக இருக்க வேண்டியது, வெந்த சேமியாவைப் போலக் குழைந்து கிடந்தது.

ஊரில் ஒரு மாதமாக இந்த வியாதி நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் தண்ணீர்க்குடம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் எண்ணெய்க் குடுவை அலமாரியிலேயே கரைந்து வழிந்தது. எல்லாம் மாவுநெகிழியில் செய்தவை. மண்ணெண்ணெய் வாடையடிக்கும் பழைய பிளாஸ்டிக்கை உலகம் கைகழுவிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆத்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஜவ்வரிசியாக உருண்ட மரவள்ளிக்கிழங்கு, இப்போது குடமும் குழாயும் கையுறையுமாகிக் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஊரே அதனால்தான் நிமிர்ந்தது.

குயிலி ஊரின் மாவுநெகிழி ஆலையில் மக்குப் பிரிவுக்குத் தலைவி. காலம் முடிந்த மாவுநெகிழியை ஒரே வாரத்தில் தின்று எருவாக்கும் மக்குயிரி என்ற நுண்ணுயிரை வளர்த்தெடுத்தவள் அவள்தான். மக்குக்குழியின் சூட்டில் மட்டுமே அது பிழைக்கும், வெளியே வந்தால் செத்துவிடும் என்று மேடை மேடையாகச் சொல்லியிருந்தாள். குடங்கள் சாயத் தொடங்கியதும் கிழங்கைச் சோதித்தாள், தண்ணீரைச் சோதித்தாள், ஆலையின் அச்சுகளைக்கூட விடவில்லை. ஆலைக்காரர்கள் கிழங்கு மட்டம் என்றார்கள். கிழங்குக்காரர்கள் ஆலை மட்டம் என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நாள் போனது.

இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இயந்திரத்தை அப்படியே நிறுத்திக் குழாயைப் பிடுங்கலாம். ஆனால் வெளியே இருக்கும் ரத்தம் போனது போனதுதான். ஏற்கெனவே வெளுத்துப் போயிருக்கும் உடம்பு, இன்னொரு தம்ளர் ரத்தம் குறைந்தாலும் இதயம் தாங்காது என்று போன வாரம்தான் மருத்துவர் எச்சரித்திருந்தார். நிறுத்தி வைத்தும் பயனில்லை, சில நிமிடங்களில் ரத்தம் உறைந்துவிடும். குழாயை மாற்றி, ரத்தத்தை உள்ளே திருப்பி அனுப்புவது ஒன்றே வழி.

மாற்றுக் குழாய்கள் இரண்டு இருந்தன. கவ்வியைப் போட்டு ஒன்றை எடுத்து மாட்டினாள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவள் அவள். இயந்திரம் மறுபடி சுற்றியது. சேரலாதன் சிரிக்க முயன்றான். அவள் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பாலத்தடியில் தண்ணீர்க் குழாய் வெடித்துச் சாலை மூழ்கிக் கிடப்பதால் சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது புதுக் குழாயும் வியர்த்திருந்தது. முழுக்க அல்ல. நடுவில் ஐந்து இடங்களில் மட்டும் பள்ளம் விழுந்து, அங்கே மட்டும் பளபளத்தது. மேலே ஒன்று, கீழே நான்கு.

குயிலி தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள்.

மக்குப் பிரிவில் யாரும் கையுறை போடுவதில்லை. கையுறையும் மாவுநெகிழிதான், மக்குயிரி அதையும் தின்றுவிடும். வெறுங்கையால் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வருவாள், சோப்புப் போட்டுக் கழுவுவாள், அரைத்த இட்லி மாவில் உப்புப் போட்டுக் கையால் கரைப்பாள். கரண்டியால் கரைத்தால் மாவு பொங்காது என்பது ஊர் எடுத்த முடிவு, அதை எந்த விஞ்ஞானியும் மாற்ற முடியாது. அதிலும் குயிலியின் கைச்சூடு பேர் போனது. இந்த மார்கழிக் குளிரில் யார் வீட்டு மாவும் புளிக்காமல் மண்ணாகக் கிடக்க, அவள் மாவு மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. தெருவே கிண்ணத்தோடு வந்து உறைமாவு கேட்டது. அவளும் பெருமையாக ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். வாங்கியவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்கள்.

நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்த மக்குயிரி, மாவின் புளிப்புயிர்களோடு சம்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு இனிக் குழிச்சூடு வேண்டாம். கைச்சூடே போதும்.

குயிலி ஆம்புலன்ஸுக்குப் பேசிய சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா ஓடி வந்தாள். நிலைமையைப் பார்த்ததும், பெட்டியில் மிச்சமிருந்த ஒரே குழாயை எடுக்கக் கை நீட்டினாள்.

“அக்கா, தொடாதீங்க. இன்னைக்கு மாவு கரைச்சீங்களா?”

“காத்தாலதான் கண்ணு கரைச்சேன். நீ குடுத்த உறைதான், என்னமா பொங்குச்சு தெரியுமா?”

குயிலிக்கு அழுகை வந்தது. தெருவில் யாரைக் கூப்பிடுவது? எந்த வீட்டுக் கை மாவு படாத கை? ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே கிண்ணம் நிரப்பியிருந்தாள். குழாயின் பள்ளங்களில் ஒன்றிலிருந்து சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது.

“நான் மாத்தறேன்,” என்றான் சேரலாதன். “எனக்கு ஒரு கை சும்மாதான இருக்குது?”

அவள் அவன் வலக்கையைப் பார்த்தாள். ஆக்கிய இட்லியைத் தின்றதைத் தவிர சமையலறைக்கு ஒரு நன்மையும் செய்யாத கை. ஆவியில் வெந்த மாவில் எந்த உயிரும் மிஞ்சாது. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத அந்தக் கையைப் பற்றி எத்தனை சண்டை போட்டிருப்பாள்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவன் செய்தான். கவ்வி ஒருமுறை வழுக்கியது. குழாயின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தான். ரத்தம் மேசையில் சொட்டியது. அவன் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. “இடப்பக்கம் திருகுங்க, இன்னும், இன்னுங் கொஞ்சம்,” என்று சொல்லிக்கொண்டே அவள் தன் விரல்களை நொறுங்கும்படி இறுக்கினாள். குழாய் பொருந்தியது. சிவப்பு நகர்ந்து அவன் கைக்குள் திரும்பிப் போனது. தங்கமணி அக்கா தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள்.

சோதனைக்கூடம் குயிலி நினைத்ததையே சொன்னது. நகக்கண்ணில் குடியேறியது எந்தச் சோப்புக்கும் சாராயத்துக்கும் அசையவில்லை. கிழங்கை விட்டால் குழாய்க்கு வேறு வழியில்லை. இட்லியை விடச் சொல்ல எந்த அரசுக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே குயிலியே விதியை எழுதிக் கொடுத்தாள்: மாவு கரைத்த கை, மருத்துவக் குழாயைத் தொடக்கூடாது.

அதன் பலன் அவள் எதிர்பாராதது. மருத்துவமனைகளில் செவிலியர் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அனுபவமுள்ள பெண் மருத்துவர்கள் கைகட்டி நின்று பாடம் சொல்ல, தண்ணீர்கூடச் சுட வைக்கத் தெரியாத ஆண்கள் உள்ளே நின்று கத்தி பிடித்தார்கள். தூயகையர் என்று அவர்களுக்குப் பட்டம். குடும்பத்துக்கு ஒருவர் மாவைத் தொடாமல் இருந்தாக வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. வீட்டுக்கு வீடு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? பெண்பிள்ளையின் பெயரைக் கொடுத்த வீடு தெருவில் ஒன்றுகூட இல்லை.

தை பிறந்த பிறகு ஒருநாள் மாலை, ஆலையிலிருந்து களைத்து வந்து குயிலி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். சேரலாதன் வந்து சமையலறை வாசற்படியில் நின்றான். அன்றைக்குப் பிறகு அவன் ஆளே மாறியிருந்தான், அவளைப் பார்க்கும் பார்வையே வேறாகியிருந்தது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

“நீ போயி உக்காரு புள்ள. இனிமே தெனமும் நானே கரைக்கறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை அது. கண் நிறைந்துவிட்டது. நாளை காலை குருதித்தூய்வியில் அவன் குழாயை அவனேதான் மாட்டிக்கொள்ள வேண்டும். குயிலி பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவனை வெளியே போகச் சொல்லி, கதவைத் தாழிட்டுவிட்டு, மாவில் கை வைத்தாள்.