கோவர்ட் சுட்ட முயல்

ஹார்லெம் நகரில் உப்பிட்ட மீன் விற்றே கொழுத்த கோவர்ட் வீட்டுக்கு, நான் வரைந்த படத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். செத்த முயல் ஒன்று தலைகீழாகத் தொங்கும். பக்கத்தில் ஒரு துப்பாக்கி. நிஜத் துப்பாக்கியைத் தொட்டால் தன் காலையே சுட்டுக்கொள்வான் அந்த ஆள்!

முயல் சந்தையில் வாங்கியது. யாரோ திருட்டு வேட்டைக்காரன் சுருக்கு வைத்துப் பிடித்தது. கழுத்தைச் சுற்றிக் கயிற்றின் வடு இருந்தது, அதையும் வரைந்திருந்தேன். கோவர்ட்தான் விடவில்லை.

"அந்தக் கோட்டை அழிச்சுடுய்யா. நெஞ்சுல ஒரு குண்டுக் காயம் போடு. நானே சுட்டதுன்னு சொல்லப்போறேன்."

அழித்துக் கொடுத்தேன். அன்று மத்தியானம் ஒரு பிரபு விருந்துக்கு வருகிறார், கோவர்டின் மகள் மாக்டெல்டைத் தன் பையனுக்குக் கேட்க. வேட்டை தெரியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டாராம். மீன்காரனுக்குப் பிரபுவின் சம்பந்தியாக ஆசை! தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவன் பிடிக்கவே இல்லையே.

படத்தை மாட்டும்போது ஈர ரோமத்தின் வாடை வந்தது. சாயத்துக்கு அந்த வாடை கிடையாது.

வெளியே பனிமூட்டம். பகலிலேயே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். படத்தைப் புகழ்வதற்காக என்னையும் மேசை ஓரத்தில் உட்கார வைத்தான் கோவர்ட்.

"இதை யார் சுட்டது?" என்றார் பிரபு.

"நான்தாங்க."

எங்கோ கயிறு இழுபடும் சத்தம்.

நிமிர்ந்தேன். நான் அழித்த வடு முயலின் கழுத்தில் மறுபடி தெரிந்தது.

"ஒரே குண்டுங்க" என்றான் கோவர்ட், கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி.

மறுபடி அந்தச் சத்தம். இப்போது பக்கத்தில்.

அவன் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. மாக்டெல்டும் பார்த்துவிட்டாள். அப்பன் காதருகே குனிந்தாள்.

"அப்பா, சந்தையில வாங்கினதுன்னு சொல்லிடுங்கப்பா. எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"சும்மா இருடி."

பிரபு கத்தியைக் கீழே வைத்தார். "நிஜமாவே நீங்கதானா?"

ஒரு உண்மை போதும், பிழைத்துவிடுவான். சம்பந்தம்தான் போகும். கண் பிதுங்கி, முகம் நீலம் பாரித்த பிறகும் அந்த மடையன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"நா...ன்...தான்."

நாற்காலியோடு சரிந்தான். பட்டையை நான்தான் அறுத்தெடுத்தேன். உள்ளே கயிறு எதுவும் இல்லை.

வடு இருந்தது.

தொண்டையில் முள் சிக்கிச் செத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார் வைத்தியர். மீன்காரனுக்கு மீன் முள்ளாம்!

படத்தை மாக்டெல்ட் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். போன வாரம் அதை ஒரு வெண்ணெய் வியாபாரி வீட்டில் பார்த்தேன். முயலின் கழுத்தில் வடு இல்லை; நான் பூசிய சாயம் அப்படியே இருந்தது. வரைந்தவன் நான் என்று அவனுக்குத் தெரியாது.

"நானே சுட்டதுய்யா" என்றான் பெருமையாக.

சொல்லிவிட்டு, அறையில் புழுக்கமாக இருக்கிறதென்று கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.