இடக்கை மூடிய பனியன்

செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த வெள்ளை பனியனை ஜெயபாரதியின் மேசையில் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார் தரணீதரன். திருப்பூரில் பெரிய பனியன் கம்பெனியின் வாரிசு. தொழிலாளர்களுக்காக இலவச மருத்துவமனை நடத்துகிறவர்.

"இது நாலாவது வெள்ளிக்கிழமைங்க. ஆஸ்பத்திரில, காலமான அப்பாவோட ரூம் பூட்டுனது பூட்டுனபடி இருக்குது. உள்ள அவரோட நாற்காலில இது, ஆள் உக்காந்தாப்புல கெடக்குது."

பனியனின் இடக்கை வாய் மட்டும் தைத்து மூடப்பட்டிருந்தது. தையல் முடியும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முடிச்சு. ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஆய்வாளரான ஜெயபாரதி அதை விரலால் நெருடினார்.

"இடக்கை போனது யாருக்குங்க?"

"ராக்கையான்னு ஒருத்தன். இருவது வருசம் ஆச்சு. எங்க சாயப்பட்டறைல, ஈரத்துணியச் சுத்திப் பிழியற ஹைட்ரோ மெஷின்ல கைய விட்டுட்டான். கையோட உசுரும் போயிருச்சு. குடிச்சுட்டு வந்தான்னு அப்பா சொன்னாரு. அவன் சம்சாரம் ஒச்சம்மாதான் அந்த ரூமைக் கூட்டறாங்க. சாவி ரெண்டுங்க. ஒண்ணு அவங்க கைல, ஒண்ணு எங்க ஊட்ல. நாளைக்கு அப்பா படத்தொறப்பு. அவங்கதான்னா இன்னிக்கே வேலைய விட்டும் குவார்ட்டர்ஸ விட்டும் அனுப்பிருவேன்."

"பேயாவது பிசாசாவது! அந்தம்மாதான்க்கா" என்றார் சகாயராஜ். ஜெயபாரதியின் நாற்பது வயதுக் காரோட்டி, துப்பு என்றால் சோறு வேண்டாதவர்.

மருத்துவமனையில் அந்த அறைப் பக்கம் நோயாளிகள் யாரும் நடக்கவில்லை. வார்டைக் காட்டிய தரணீதரன், "தலகாணி உறை பூராவும் அம்மா ஊட்லயே தைச்சுக் குடுத்ததுங்க" என்றார். ஜெயபாரதி ஓர் உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

அறைக்குள் மர நாற்காலி. இருக்கையின் பள்ளம், இப்போதுதான் யாரோ எழுந்துபோனது போல இருந்தது. சகாயராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நானும் பயந்துக்கிட்டுத்தேன் கூட்டுறேன்" என்றார் துடைப்பத்தோடு வாசலில் நின்ற ஒச்சம்மாள். "எம்புருசன் வந்தா எங்கிட்டல்ல வரணும்? மொதலாளி நாற்காலில போயி எதுக்கு உக்காரணும்?"

ஜெயபாரதி அவரைத் தையல் மெஷின் இருந்த துணி அறைக்குக் கூட்டிப்போய், ஒரு பழைய பனியனைக் கொடுத்தார். "இதுல ஒரு கைய மூடித் தைங்க."

ஒச்சம்மாள் முன்பு பதினெட்டு வருடம் கம்பெனி டெய்லராக இருந்தவர். சர்ரென்று ஓட்டி, நூல் வாலோடு அப்படியே பக்கவாட்டில் தள்ளினார். சகாயராஜின் கை தானாக நீண்டு வாலை நறுக்கியது.

"ஏன் நறுக்குனீங்க?"

"பழக்கம்க்கா. அஞ்சு வருசம் கைமடி. டெய்லர் தைச்சுத் தள்ளுற பீஸுல நூலை வெட்டி அடுக்குறதுதான் என் வேலை." சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். "முடிச்சே போடலியேக்கா!"

தரணீதரனின் தாய் ஞானாம்பாளையும் வரவழைத்து, நால்வரையும் நாற்காலியைச் சுற்றி நிற்கவைத்தார் ஜெயபாரதி.

"பீஸ் ரேட்டுக்கு, உருப்படிக்கு இவ்வளவுன்னு தைக்கிறவங்க முடிச்சுப் போட மாட்டாங்க. நேரம் இருக்காது. போடணும்னு தோணவும் தோணாது."

"வேணும்னே விட்டிருக்கலாமில்லீங்க?" என்றார் தரணீதரன்.

"நான் எதைப் பாக்கறேன்னே அவங்களுக்குத் தெரியாதுங்க. முடிச்சுப் போட்டது ஊட்ல நிதானமாத் தைக்கிற கை. உங்க தலகாணி உறையிலயும் இதே ரெட்டை முடிச்சு. இன்னொரு சாவியும் உங்க ஊட்லதான்."

ஞானாம்பாள் மறுக்கவில்லை. "மெஷின் நிக்கறதுக்குள்ள மூடியத் தொறக்கச் சொன்னது உங்கப்பாதான், கண்ணு. கன்டெய்னர் கெளம்பற அவசரம். அவன் வாயில சாராயமே இல்ல. உசுரு போனதுக்கப்பறம் உங்கப்பாதான் ஊத்துனாரு. நான் பக்கத்துல நின்னேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்னம்மா?"

"வாய் வரல சாமி. எதுக்கு இடக்கைன்னு நீ கேப்பேன்னு வெச்சேன். நீ யாரு வெச்சதுன்னுதான் கேட்டே."

"பழி எம்மேல விழும்னு தெரியாதாங்கம்மா?" என்றார் ஒச்சம்மாள். ஞானாம்பாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

தரணீதரன் ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார். "இந்த ஆஸ்பத்திரிக்கே ராக்கையா பேர வெச்சர்றேனுங்க."

"பேரு வக்கிறது ஒங்களுக்குச் சொகம். எம்மகனுக்குப் பொண்ணு கேட்டுப்போன எடத்துல எல்லாம் குடிகாரன் மகன்னு திருப்பிவிட்டாக. நாளைக்குக் கூட்டத்துல, மைக்குல சொல்லுங்க."

தரணீதரன் பேனாவை எடுத்தார். "என்ன சொல்லணும்? எழுதிக்கறேன்."

"எழுதுறதுக்கு என்ன இருக்கு, நாலு வார்த்தைதான? 'அவரு குடிக்கல. எங்கப்பாதான் ஊத்துனாரு.' எங்க, சொல்லுங்க."

தரணீதரன் சொல்லிப் பார்த்தார். முதல் பாதிதான் வந்தது.

"மறுபடி" என்றார் ஒச்சம்மாள்.