கழற்றிய சட்டை

நல்ல மதிய வெயில். மெக்கானிக் ஐஸ் தொழிற்சாலையின் என்ஜின் அறைக்குள் கால் வைத்தான். போன மாதம் இங்கேதான், இந்த என்ஜினை ஓட்டிவந்த அவன் அக்கா புருஷன் அதன் பெல்ட் அறுந்து அடித்துச் செத்துக் கிடந்தார், மேலே சட்டையில்லாமல்.

"குடிச்சிட்டு, சட்டையைக் கழட்டிப் போட்டுத் தூங்கிட்டான்" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷன்! அக்கா அழக்கூட இல்லை. "அந்தச் சட்டை எங்கடா?" என்று கேட்டபடியே இருக்கிறாள். அதைத் தேடத்தான் இவன் வந்தான்.

"அன்னையிலேர்ந்து ஓடி ஓடி நின்னுடுது. என்ன கேடோ, பாரு" என்றார் முதலாளி.

ஸ்டார்ட் செய்தான். வெள்ளைப் புகை, கடகடவென்ற சத்தம். குளிர்ந்த டீசல் என்ஜினுக்கு இரண்டும் சகஜம்தான். சூடேறியதும் அடங்கின.

பிறகு நீலப் புகை வந்தது.

"இது என்ஜின் ஆயில் எரியுற புகை. ஆயில் கசியாம தடுக்குற சீல் போச்சு. ஆயிலையே எரிச்சு வெறி பிடிச்சு ஓடினா, டீசலை மூடினாலும் நிக்காது. காத்துக் குழாயை அடைக்கணும். அத்தான் சொல்லலையா?"

"நூறு தடவை சொன்னான். ஓடுற என்ஜினை எவன்யா பிரிப்பான்?"

என்ஜின் மூச்சுத் திணறி நின்றது.

காற்றுக் குழாய்க்குள் கைவிட்டான். துணி தட்டுப்பட்டது. இழுத்தான். காக்கிச் சட்டை. இரண்டாவது பொத்தானில் அக்கா தைத்த சிவப்பு நூல். வியர்வையில் நனைந்து, இப்போதுதான் கழற்றியதுபோல் சூடாக இருந்தது.

தூங்குவதற்கா அத்தான் இதைக் கழற்றினார்? இந்தச் சனியனை நிறுத்தக் கழற்றியிருக்கிறார்!

முதலாளியின் முகம் வெளிறியது. "அதைக் கொடு. எரிச்சுடலாம்."

யாரும் தொடவில்லை. என்ஜின் கிளம்பியது.

டீசலை மூடினான். நிற்கவில்லை. தரை அதிர்ந்தது. நீலப் புகையில் எதிரில் இருந்த முதலாளியே மறைந்து போனார்.

"அந்தச் சட்டையைத் திணிடா!" என்று அலறினார்.

அவனுக்கு மனசு வரவில்லை. இதுவும் போனால் அக்காவிடம் எதைக் காட்டுவது?

காதருகே ஒரு மூச்சு.

"வேணாம் மாப்ளே. வீட்டுக்குக் கொண்டு போ."

அந்தக் குரலை அவன் எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டான்.

என்ஜின் விக்கி நின்றது.

புகை விலகியபோது முதலாளி மூலையில் சுருண்டு கிடந்தார், வெற்றுடம்போடு. வாய் ஓயாமல் முணுமுணுத்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை.

வேலையாட்கள் ஓடிவந்தார்கள். "என்னய்யா ஆச்சு? சட்டையில்லாம கிடக்கிறாரு?"

"குடிச்சிட்டுத் தூங்கியிருப்பாரு" என்றான் அவன். நாக்கு கசந்தது.

காற்றுக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் கை தொங்கியது. முதலாளியின் சட்டை. பிடித்து இழுத்து விரித்தான்.

ஒரு கிழிசல் இல்லை. கழுத்துவரை எல்லாப் பொத்தானும் போட்டபடியே இருந்தது.