ரெசின் கழுவியாச்சு, அத்தான்

தொட்டிக்கடியில் இருக்கும் வடிகால் காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து ரெசினைக் கழுவியிருந்தால் பாதம் நனையும் அளவுக்காவது அங்கே தண்ணீர் நிற்கவேண்டும். ஆபரேட்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கழுவியாச்சா மாப்ள?"

"எப்பவோ ஆச்சு அத்தான். திறங்க," என்றான் அவர் மனைவியின் தம்பி.

தங்கம் கரைந்த சயனைடு நீர் உயரமான தொட்டி வழியாக இறங்கும்போது, கடுகளவு ரெசின் மணிகள் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மணிகளில் தங்கும் சயனைடைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் ஆசிட் கரைசல் விடுவார்கள்; அது தங்கத்தைக் கழற்றி மின்தொட்டிக்குக் கொண்டுபோகும், அங்கே எஃகு நாரில் தங்கம் படியும். கழுவாமல் விட்டால் கிளம்புவது விஷவாயு. கசந்த பாதாம் வாசனை என்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அது தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால் அவர் வால்வைத் திறக்கும்போதெல்லாம் மைத்துனன் பக்கத்தில் நிற்பான். ஒன்பது வருடப் பழக்கம். ஆலையே அவனை 'மூக்கு' என்றுதான் கூப்பிடும்.

அந்த மூக்கன் போன வாரம் தங்கம் படிந்த நாரைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. "அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நாளைக்கு நானும் வரேன், முதலாளிகிட்ட சேர்ந்தே சொல்லிடலாம்," என்று நேற்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி என்றும் பார்க்காமல் நியாயத்தின் பக்கம் நிற்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஒன்பது வருடத்தில் கழுவும் வேலையில் அவன் ஒருமுறைகூடத் தவறியதில்லை; வெக்கையில் வடிகால் காய்ந்திருக்கும் என்று நினைத்து வால்வைத் திறந்தார். குழாய்க்குள் ஆசிட் இறங்கும் சளசளப்பும், அடுத்த அறையில் மின்தொட்டியின் ரீங்காரமும், தலைக்குமேல் காற்றாடியின் கடகடப்பும் மதிய வெக்கையில் ஒன்றாகக் கலந்து கேட்டன.

"வாசனை ஏதாவது வருதா?"

மைத்துனன் மூக்கை உயர்த்தி ஆழமாக இழுத்தான். இழுத்தவன் முகம் ஒரு கணம் சுளித்தது.

"ஒண்ணும் இல்ல அத்தான். இருங்க, குறிப்பேட்டை எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் அவ்வளவு வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை.

தொட்டிக்குள் மணிகள் நுரைத்தன. கழுவிய ரெசின் இப்படி நுரைக்காது. காற்றாடியின் கடகடப்பு தேய்ந்து, தேய்ந்து, நின்றது. நாக்கில் காசை வைத்தாற்போல ஒரு ருசி. தொண்டை கரகரத்தது.

"மாப்ள!"



வால்வை மூடினார். முகமூடி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. கதவுக்குப் போனார். தள்ளினார். வெளியே தாழ்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. நேற்று அவள் அழுத அழுகையும்.

தலை சுற்றியது. மூச்சு. எங்கே மூச்சு. கதவில் பதித்த கண்ணாடியைக் கையால் அறைந்தார்.

அந்தப் பக்கம் மைத்துனன் நின்றிருந்தான். முகத்தில் அவருடைய முகமூடி. கையில் கைபேசி. திரையில் அவருடைய மனைவி, நேற்று அழுத அதே கண்கள், ஈரமே இல்லாமல்.

அவள் உதடு அசைந்தது. மைத்துனன் தலையாட்டினான். பிறகு, அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தான்.