இரண்டு பேருக்கும் ஒரே மாலை

ஆட்டோக்காரர் என் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனபோது மத்தியானம் மணி இரண்டு இருக்கும். ரெட்டியார்பாளையத்தில் அந்த நேரத்துக்கு நாய்கூடக் குரைக்காது. கடைகள் சாத்தியிருக்கும், வீடுகள் தூங்கும். என் வீட்டுக்காரர் விஜயராகவன் இறந்து இருபத்தைந்தாம் நாள் அது. கருமாதி முடிந்ததும் என் அண்ணன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஒன்பது நாள் அங்கே இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பினேன். சாவி என் நாத்தனார் அன்னக்கிளியிடம் இருந்தது. அவள்தான் கதவைத் திறந்துவிட்டாள்.

ஹாலுக்குள் கால் வைத்தேன்.

எதிர்ச் சுவரில் நானும் அவரும் சேர்ந்து நிற்கிற படம். அதன் மேல் பெரிய சம்பங்கி மாலை. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே மாலை.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக் கூடாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அன்னக்கிளிக்கு மட்டும் தெரியவில்லை. நல்ல படம் இது ஒன்றுதான் இருந்தது, அண்ணனுக்குத் தினமும் விளக்கேற்ற வேண்டாமா, இதில் உங்களை எப்படித் தனியாகப் பிரிக்கிறது என்று என்னையே கேட்டாள். அவர் நெற்றியில் மட்டும் சந்தனம் வைத்தாளாம், என் நெற்றியைத் தொடவே இல்லையாம். அவ்வளவு அக்கறை.

"நான் செத்துட்டனாடி?" என்று கேட்டேன்.

நானே நாற்காலி போட்டு ஏறி மாலையைக் கழற்றினேன். பூ காய்ந்து சருகாகியிருந்தது. ஒன்பது நாள் எனக்கும் சேர்த்து விளக்கு எரிந்திருக்கிறது. அந்த ஒன்பது நாளும் பிறந்த வீட்டில் என் வலது தோள் சில்லிட்டுக் கிடந்ததற்கு, ஈரத்தில் படுத்ததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சாவதற்கு முந்தின வருஷம், இரண்டாயிரத்து எட்டில், எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்குப் பிரான்சிலிருந்து மகன் செல்வகுமார் ஏற்பாடு செய்தது. டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜோர்தான் படம் எடுத்து, அதைக் கேன்வாஸ் துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்து அறைந்து கொடுத்தான். கண்ணாடி கிடையாது. நூறு வருஷம் ஆனாலும் நிறம் போகாது, சுவரே விழுந்தாலும் நீங்கள் ரெண்டு பேரும் நிற்பீர்கள் என்று பெருமையாகச் சொன்னான். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். படத்திலும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருஷமும் அவர் கேட்டைத் திறந்துகொண்டு "அலோன்" என்பார். பிரெஞ்சில் கிளம்பலாம் என்று அர்த்தம். எங்கே, எதற்கு என்று நான் கேட்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போக வேண்டும். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கடைசி நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நீயும் சீக்கிரம் வந்துவிடு, தனியாக என்ன செய்வாய் என்றார். சாகப்போகிறவர் மனசை நோகடிப்பானேன் என்று தலையாட்டித் தொலைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எங்கிருந்தோ ஓ தெ கொலோன் வாசனை வந்தது. சவரம் செய்ததும் அவர் பூசிக்கொள்வது. அந்தப் பாட்டிலை அன்னக்கிளி எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

படத்தைப் பார்த்தேன். ஏதோ இடித்தது. எழுந்து போய்க் கையை வைத்து அளந்தேன்.

சாண் இல்லை. நாலு விரற்கடை.

என் கண்தான் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் அளந்தபோது இரண்டு விரற்கடை. அதற்கடுத்த நாள் அளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் இல்லை.

என் வலது தோளில் இருந்தது.

பயந்தேன். பொய் சொல்வானேன். காபி டம்ளரைக்கூட வலது கையால் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். கண்ணாடி முன்னால் நின்று ரவிக்கையை விலக்கிப் பார்த்தேன். தோளில் நாலு இடத்தில் தோல் வெளுத்து, தொட்டால் உணர்ச்சியே இல்லை. அந்த வெளுப்பு கழுத்துப் பக்கம் பரவ ஆரம்பித்திருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. பசித்தபோது சாப்பிட்டு, நினைத்தபோது கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போக எனக்கு இன்னும் இருபது வருஷமாவது வேண்டும். இப்போதே கிளம்ப நான் தயாராக இல்லை.

ஜோர்தானிடம் போனேன். நடந்ததைச் சொல்லாமல், என்னை மட்டும் தனியாக அச்சடித்துக் கொடு என்றேன். அவன் கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்தான். அதில் அவர் கையைப் பின்னால் கட்டித்தான் நின்றார். ஒரு சாண் இடைவெளி அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஜோர்தான் அவரை வெட்டி நீக்கிவிட்டு என்னை மட்டும் மிஷினுக்கு அனுப்பினான்.

மிஷின் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியது. என் வகிடு வந்தது. நெற்றி. கண். மூக்கு. முகவாய்.

தோள் வந்தது.

தோளில் நாலு விரல் வந்தது.

ஜோர்தான் திரையைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். திரையில் விரல் இல்லை. சட்டென்று ஸ்விட்சை அணைத்தான். மிஷின் நின்ற பிறகும் துணி ஒரு அங்குலம் நகர்ந்தது. மணிக்கட்டு வெளியே வந்தது.

அவன் சிலுவை போட்டுக்கொண்டான். "மதாம், வீட்டுல இருக்கற படத்த எரிச்சிடுங்க" என்றான்.

"அதுல நானும்தானப்பா நிக்கிறேன்."

எரித்தால் நானும் எரிவேன். விட்டுவைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார். வீடு வரும்வரை ஆட்டோவில் அதையே யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பயம் போய்க் கோபம்தான் வந்தது. என் வீடு, என் சுவர், என் தோள். யாரைக் கேட்டுக் கை வைத்தார்?

அதே மத்தியான நேரம். கதவைச் சாத்தினேன். தையல் மிஷின் டிராயரிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். படத்தைத் தரையில் இறக்கி, பின்பக்கத்து ஊசிகளைப் பிடுங்கித் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். வலது கை மரத்துக் கிடந்தது. இடது கையால் வெட்ட ஆரம்பித்தேன்.

கொலோன் வாசனை குப்பென்று அடித்தது.

கேட் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

"அலோன்."

காதுக்குப் பக்கத்தில். மூச்சு சில்லென்று கழுத்தில் பட்டது. பழக்க தோஷம், என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. முப்பது வருஷப் பழக்கம் அது. கால் முட்டியை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அலோன், சுலோ. நேரமாச்சி."

"நீங்க போங்க" என்றேன். "நான் வரல."

அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. நீங்கள் சொன்ன ஊருக்கெல்லாம் வந்தேன், சொன்ன இடத்தில் எல்லாம் நின்றேன், ஆஸ்பத்திரியில் தலையாட்டியது உங்கள் மேல் இருந்த இரக்கத்தில், அதைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது மாதிரி நீட்டிக்கொண்டு வராதீர்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டே வெட்டினேன். கத்தரிக்கோல் அவர் கைக்கு வந்ததும் சிக்கியது. துணி மாதிரியே இல்லை, கோழிக் காலை வெட்டுகிற மாதிரி இறுகியது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினேன்.

நறுக்கென்றது.

அப்போதுதான் தெரிந்தது, என் வலது கைக்கு உயிர் வந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அவருடைய பாதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என்னம்மா போடுகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரரை வழியனுப்புகிறேன் என்றேன். அலை அதை வாங்கிக்கொண்டு போவதை நின்று பார்த்தேன். அழுகையும் வந்தது. முப்பது வருஷம் ஆயிற்றே.

என் பாதியைச் சின்னச் சட்டத்தில் அறைந்து அதே சுவரில் மாட்டினேன். தோளில் அவர் கை, நாலு விரலோடு மணிக்கட்டு வரைக்கும், தங்கிவிட்டது. அதையும் தூக்கிப் போடுங்கள் அண்ணி என்று அன்னக்கிளி அழுதாள். என் வீட்டுச் சுவரைவிட்டு நான் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன். உடம்பில் வெளுப்பு மறைந்துவிட்டது. நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கும்போது படத்தைக் கிட்டத்தில் பார்த்தேன்.

அந்த நாலு விரலிலும் நகம் வளர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்பார்கள். நகவெட்டியை எடுத்து வந்து துணியோடு துணியாக வைத்து வெட்டினேன். நாலு துண்டு தரையில் விழுந்தது. கேன்வாஸ் நூலாக இருக்கும் என்று குனிந்து பொறுக்கினேன்.

நூல் இல்லை.

"வளரட்டும்" என்று அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். கூட்டி அள்ளி வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்து, சோறு போட்டுக்கொண்டு படத்துக்கு நேரே உட்கார்ந்தேன்.