மூடிக்குள் ஒரு வார்த்தை

இரண்டு கையாலும் டீக் கோப்பையைப் பிடித்திருந்தவனின் கண்ணெதிரே, மானிட்டரில் ஒரு 'ப' தானாக வந்து உட்கார்ந்தது. துணி துவைக்கும் மெஷினின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன், ஏதோ பட்டன் சிக்கியிருக்கும் என்று அதை அழித்தான். இன்னொன்று வந்தது. தொல்லை விட்டது என்று கீபோர்டின் ஒயரைப் பிடுங்கிப் போட்டான்.

அப்புறமும் வந்தது.

லேப்டாப் மூடித்தான் கிடந்தது. மகள் வாண்டு கண்ட பட்டனையும் தட்டிவிடுகிறாள் என்று ஆறு மாதமாக அவன் அதைத் திறப்பதே இல்லை. டாக் என்கிற இணைப்புப் பெட்டியில் செருகி, பெரிய மானிட்டரில்தான் வேலை. மூடியின் மேல் தடித்த அகராதிகள் இரண்டு. அவற்றுக்கு அடியிலிருந்து, சூடான பிளாஸ்டிக் வாடையோடு சத்தம் வந்தது. டிக். டிக். உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி.

திரையில் எழுத்துகள் சேர்ந்தன. அப்பா.

வாண்டுவுக்கு நாலு வயசு. அவளுக்குத் தட்டத் தெரிந்தது அந்த ஒரே வார்த்தைதான், அவன் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மனைவி நர்ஸ், பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் இருப்பாள். பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை ஓடுவதற்கு இவன் ஒரு வழி வைத்திருந்தான். "நீ போய் ஒளிஞ்சிக்கோ, அப்பா வந்து கண்டுபிடிக்கிறேன்" என்பான். அவளும் மூச்சுக் காட்டாமல் கிடப்பாள். இரண்டு பக்கம் முடித்துவிட்டு நிதானமாகப் போய்த் தேடுவான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. இன்றைக்கு நாலு மணிக்குள் கையேட்டை அனுப்பியாக வேண்டும். ஒன்றரைக்கு ஒளியச் சொன்னவன் அடியோடு மறந்துபோனான். இப்போது மணி மூன்று பத்து.

"வாண்டு, ஆட்டம் முடிஞ்சுது. வெளிய வா."

கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அலமாரியில் பார்த்தான், திரைச்சீலைக்குப் பின்னால், அழுக்குத் துணிக் கூடைக்குள், குளியலறைக் கதவிடுக்கில். வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. ஜன்னலில் கம்பி. வெளியே எங்கும் போயிருக்க முடியாது. போன் அடித்தது. மனைவி. பாப்பா என்ன பண்றா என்று கேட்டாள்.

"விளையாடிட்டு இருக்கா" என்றான். அவள் வைத்ததும், சுவரில் சாய்ந்து அழுதான்.

திரும்பி வந்தபோது திரை நிறைய அப்பா. அப்பாஅப்பாஅப்பா. டிக்டிக் என்று மூடிக்குள் அவசரம், சின்னக் கை படபடக்கிற அவசரம். கேட்கக் கேட்க அவன் உயிர் போனது.

சட்டென்று நின்றது.

பிறகு தட்டல் வேறு மாதிரி வந்தது. மெதுவாக. அழுத்தமாக. அவளுக்குத் தெரியாத வார்த்தைகள்.

நீ வரல.

நான் கண்டுபிடிச்சிட்டேன்.

அகராதிகளைத் தள்ளிவிட்டான். மூடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். நகம் பிய்ந்தது. இழுத்தான். ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே கீபோர்டு இல்லை, திரை இல்லை. இருட்டு. இருட்டிலிருந்து நாலு குட்டி விரல்கள் வந்து விளிம்பைப் பற்றின. ஊதா நெயில் பாலிஷ். நேற்று அம்மா போட்டுவிட்டது.

பற்றிக்கொண்டான். கதகதப்பாக இருந்தன.

"அப்பா வந்துட்டேன்டா. அப்பா வந்துட்டேன்."

குட்டி விரல்கள் அவன் விரலை இறுக்கின. அவற்றின் மேல், உள்ளேயிருந்து, நீளமான விரல்கள் வந்து படிந்தன. அவசரமே இல்லாமல், அவன் கையிலிருந்து அவள் விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தன. ஒன்று. இரண்டு. மூன்று.